பெயரடை, பெயர், வினையடை: மூன்று பத்தி அட்டவணையை மனப்பாடம் செய்வதா, வேறு வழி உண்டா?

#1 கற்றதுகைமண்

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலம் பேச ஓரளவு வரும். எழுத உட்கார்ந்தால் ஒரே இடத்தில் இடறுகிறது. பெயரடை தெரிந்திருக்கும். அதற்குப் பெயர்ச்சொல் எது, வினையடை எது என்று யோசிக்கும்போது பேனா நின்றுவிடும்.

'ஹேப்பி, ஹேப்பினஸ், ஹேப்பிலி' சரி. அதே வழியில் போய் 'ட்ரூனஸ்' என்று எழுதினால் 'ட்ரூத்' என்று எழுது என்கிறார்கள். 'ஹாட்' என்றால் 'ஹீட்'. 'பிரேவ்' என்றால் 'பிரேவரி'. 'வைஸ்' என்றால் 'விஸ்டம்'. 'ஆக்டிவ்' என்றால் 'ஆக்டிவிட்டி'. வினையடையாவது 'லி' சேர்த்தால் முடிந்தது என்று பார்த்தால் 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல்லே இல்லையாம். 'ஃபிரெண்ட்லி' கடைசியில் 'லி'யை வைத்துக்கொண்டும் வினையடை இல்லையாம்.

இணையத்தில் தேடினால் மூன்று பத்தி அட்டவணைதான் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள். இதை உருப்போடுவதுதான் வழியா? இல்லை, உள்ளே ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

#2 அரைப்புள்ளி

உருப்போடுவதுதான் வழி. ஆங்கிலத்தில் ஒழுங்கு தேடிக் கிளம்பியவர்கள் யாரும் முழுதாகத் திரும்பியதில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று படியுங்கள், வந்துவிடும்.

#3 சொல்லாய்வன்

அரைப்புள்ளி, முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். அட்டவணையில் எனக்கு இருக்கும் பெரிய குறையே, மூன்று பத்திகளையும் சமமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது என்பதுதான். அதைப் பார்ப்பவருக்கு மூன்றும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். அப்படி இல்லை. பல இடங்களில் அவை பாட்டி, அம்மா, மகள்.

நமக்குக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் தமிழ். நம் மொழியில் பெயர்தான் வேர். 'அழகு' என்ற பெயரோடு 'ஆன' சேர்த்தால் 'அழகான', 'ஆக' சேர்த்தால் 'அழகாக'. வேகம், வேகமான, வேகமாக. இரண்டு பிள்ளைகளும் நேராகப் பெயருக்குப் பிறந்தவை. ஒன்று தெரியாவிட்டாலும் மற்றது வந்துவிடும்.

ஆங்கிலத்தில் வினையடை பெயருக்குப் பிறப்பதில்லை, பெயரடைக்குப் பிறக்கிறது. 'பியூட்டி'யிலிருந்து 'பியூட்டிஃபுல்', அதிலிருந்து 'பியூட்டிஃபுல்லி'. நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதித்து 'பியூட்டிலி' என்று போக முடியாது. 'டேஞ்சர்', 'டேஞ்சரஸ்', 'டேஞ்சரஸ்லி'யும் அதே மாதிரி. ஆகவே பெயரடையை நடுவில் வைத்து, அங்கிருந்து வினையடைக்கு ஓர் அம்பு போடுங்கள். அந்த அம்பு எப்போதும் ஒரே பக்கம்தான் பார்க்கும்.

பெயருக்கும் பெயரடைக்கும் நடுவே உள்ள அம்புதான் திசை மாறும். சில குடும்பங்களில் பெயர் மூத்தது: டேஞ்சர், கேர், ஹங்கர், ஆங்கர், ஹிஸ்டரி. இவற்றில் பெயரடைதான் வால் முளைத்து நீளும்: டேஞ்சரஸ், கேர்ஃபுல், ஹங்ரி, ஆங்ரி, ஹிஸ்டாரிக்கல். வேறு சில குடும்பங்களில் பெயரடை மூத்தது: கைண்ட், டார்க், சேட், வைட். இங்கே வால் முளைப்பது பெயருக்கு: கைண்ட்னஸ், டார்க்னஸ், சேட்னஸ், விட்த். எது குட்டையாக இருக்கிறதோ அது பெரும்பாலும் மூத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. இவற்றில் யாரும் யாருக்கும் மூத்தவர் இல்லை. பிரெஞ்சு, லத்தீன் வழியாக இரண்டு வடிவங்களும் வந்து சேர்ந்தன: சைலன்ட், சைலன்ஸ். பேஷன்ட், பேஷன்ஸ். இம்பார்ட்டன்ட், இம்பார்ட்டன்ஸ். இங்கே எதையும் ஒட்டுவதில்லை, கடைசி 'ட்' போய் 'ஸ்' வருகிறது. 'ஃப்ரீக்குவன்ட், ஃப்ரீக்குவன்சி', 'எஃபிஷியன்ட், எஃபிஷியன்சி' போல 'சி'யில் முடிவதும் இதே கூட்டத்தின் கிளைதான். 'அக்யூரேட், அக்யூரசி', 'பிரைவேட், பிரைவசி', 'டெலிகேட், டெலிகசி' இன்னொரு கிளை.

இந்த மூன்று கூட்டத்தையும் பிரித்துவிட்டாலே அட்டவணையில் பாதி தானாகக் கரைந்துவிடும்.

#4 ஓய்வுபெற்ற வாத்தியார்

சொல்லாய்வன் தமிழ்ப் பக்கம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் மரபிலக்கணமும் பெயரிலிருந்துதான் தொடங்கும். நன்னூலில் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு முதல் விதியே 'ஈறு போதல்'. பெருமை, செம்மை, கருமை என்று 'மை' ஈற்றோடு முழுச்சொல்லை வைத்துக்கொண்டு, ஈறு கெட்டு, முதல் நீண்டு, முன்னின்ற மெய் திரிந்து என்று படிப்படியாகப் பேரரசு, செந்தாமரை, கருங்குயில் என வருவதாகக் காட்டுவார்கள். பெயர் முதலில், அடை பிறகு. இதில் பழகிய மூளை ஆங்கிலத்திலும் முதலில் பெயரைத் தேடுகிறது. 'வைட்' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'விட்த்' தெரியாமல் தவிப்பது அதனால்தான்.

#5 கற்றதுகைமண்

சொல்லாய்வன் அண்ணா, நன்றி. அம்பு போடும் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் பெயரடை மூத்ததாக இருக்கும் குடும்பத்தில் எந்த வாலை ஒட்டுவது என்று எப்படித் தெரியும்? 'னஸ்'ஸா, 'இட்டி'யா, 'த்'தா? 'ஆக்டிவ்'வுக்கு 'ஆக்டிவிட்டி'. ஆனால் 'எஃபெக்டிவ்'வுக்கு 'எஃபெக்டிவ்னஸ்' என்றுதான் பார்த்திருக்கிறேன்.

#6 ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, 'னஸ்' இங்கிலீஷ்காரர்களின் சொந்தச் சொத்து, பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. 'இட்டி' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. அவற்றோடு வால்களும் வந்தன.

இதிலிருந்து ஓர் உறுதியான விதி கிடைக்கும். பெயரடையே நாட்டு வாலில் முடிந்தால் அதன் மேல் 'னஸ்' மட்டும்தான் ஏறும். 'ஃபுல்', 'லெஸ்', 'இஷ்', 'சம்' ஆகியவை நாட்டு வால்கள். கேர்ஃபுல்னஸ், ஹெல்ப்லெஸ்னஸ், ஃபூலிஷ்னஸ். 'கேர்ஃபுலிட்டி' என்று எந்தக் காலத்திலும் வராது. ஹேப்பி, லேசி, ஹெவி போல 'இ' ஒலியில் முடியும் எளிய சொற்களும் இப்படியே.

வெளிநாட்டு வால் என்றால் 'இட்டி' வர வாய்ப்பு அதிகம். 'ஏபிள்' என்று முடிந்தால் பெரும்பாலும் 'எபிலிட்டி'. 'ஆல்' என்று முடிந்தால் ரியாலிட்டி, ஃபார்மாலிட்டி. 'இக்' என்று முடிந்தால் எலக்ட்ரிசிட்டி, ஆத்தன்டிசிட்டி. நீங்கள் கேட்ட 'இவ்' மட்டும் இரண்டு கரையிலும் நிற்கும். அதற்கு விதி கிடையாது, படித்துத்தான் பழக வேண்டும்.

சந்தேகம் வந்தால் 'னஸ்' போடுங்கள். அது யாரோடும் ஒத்துப்போகும். முழுச் சொற்றொடரின் மீதுகூட ஏறி உட்காரும், 'அப் டு டேட்னஸ்' என்பது போல. ஆனால் 'இட்டி'யை யோசிக்காமல் ஒட்டினால் இல்லாத சொல் பிறந்துவிடும்.

உச்சரிப்பையும் கவனியுங்கள். 'னஸ்' ஏறினால் மூலச்சொல் அசையாது. 'இட்டி' ஏறினால் அழுத்தம் இடம் மாறி, 'இட்டி'க்குச் சரியாக முந்தைய அசையில் போய் உட்காரும். 'ஆக்டிவ்' என்பதில் அழுத்தம் முதலில். 'ஆக்டிவிட்டி' என்பதில் 'டி'யின் மீது. கியூரியஸ், கியூரியாசிட்டி. பாப்புலர், பாப்புலாரிட்டி. வகுப்பில் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். கண்ணால் படிக்கும்போது இது பிடிபடவே பிடிபடாது.

#7 நூல்வண்டு

வாத்தியார் ஐயா தொட்ட உச்சரிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. 'சேன், சானிட்டி', 'செரீன், செரெனிட்டி', 'டிவைன், டிவினிட்டி', 'புரொஃபவுண்ட், புரொஃபண்டிட்டி'. நெடில் எல்லாம் 'இட்டி' வந்ததும் குறுகுகிறது. ஏறக்குறைய 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தில் நெடில் உயிர்கள் வரிசையாக ஒலி மாறின. 'டிவீன்' போல ஒலித்தது 'டிவைன்' ஆனது அப்போதுதான். 'டிவினிட்டி'யில் இருந்தது குறில், அதனால் அந்த மாற்றம் அதைத் தொடவில்லை. எழுத்தில் ஒரே மாதிரி இருப்பவை காதில் வேறாக ஒலிப்பது இதனால். 'ஒபீஸ், ஒபீசிட்டி' மட்டும் பிடிவாதமாக நெடிலோடு நிற்கிறது.

'த்' குடும்பம் எனக்கு மிகவும் பிடித்தது. இது பழைய வால். இன்று யாரும் இதை வைத்துப் புதுச்சொல் செய்வதில்லை ('கூல்த்' என்று வேடிக்கைக்குச் சொல்பவர்கள் உண்டு). ட்ரூத், வார்ம்த், டெப்த், விட்த் எல்லாம் முகத்தைப் பார்த்தாலே தெரியும். லாங், லெங்த், ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த் இரண்டிலும் உயிர் மாறியிருக்கிறது. இந்த வாலுக்குள் ஒரு காலத்தில் 'இ' ஒலி இருந்தது. அது முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு மறைந்துபோனது.

அப்புறம் முகமே மாறிப்போனவர்கள். 'ஃபவுல்' தந்த பெயர் 'ஃபில்த்'. 'ஸ்லோ' தந்தது 'ஸ்லாத்', சோம்பல். 'மெர்ரி' தந்தது 'மிர்த்'. 'ஹோல்' என்ற முழுமைச் சொல்லின் உறவு 'ஹெல்த்'. 'டியர்' தந்தது 'டெர்த்': விலை ஏறினால் பொருள் தட்டுப்பாடு, அதனால் பற்றாக்குறை. 'ஹை' தந்த 'ஹைட்'டும் முதலில் 'த்'தில்தான் முடிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் 'ஹைத்' என்ற வடிவத்தைத்தான் எழுதினார்.

#8 அரைப்புள்ளி

நூல்வண்டு, ரசித்துப் படித்தேன். ஆனால் 'ஸ்லோ'வுக்குப் பெயர் 'ஸ்லாத்' என்று தேர்வில் எழுதினால் முட்டைதான் கிடைக்கும். அங்கே 'ஸ்லோனஸ்'.

சொல்லாய்வனுக்கு ஒரு கேள்வி. வினையடை பெயரிலிருந்து பிறக்கவே பிறக்காது என்றீர்களே, 'பார்ட்லி'? 'பார்ட்' பெயர்தானே? 'நேம்லி'? 'பர்ப்பஸ்லி'? அம்பு உடைந்துவிட்டதா இல்லையா?

#9 சொல்லாய்வன்

நல்ல அடி. அந்த மூன்றும் பெயரோடு நேராக 'லி' சேர்ந்தவைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள், இன்னும் எத்தனை தேறும்? பெயரடை வழியாக வந்தவை ஆயிரக்கணக்கில். விரல்விட்டு எண்ணக்கூடியதற்காக அம்பை எடுத்துவிட மாட்டேன். 'டெய்லி', 'வீக்லி' வகை வேறு. அவை பெயரடையாகவும் இருக்கும், வினையடையாகவும் இருக்கும்.

உங்கள் 'ஸ்லாத்' குறிப்பு ஒரு நல்ல கதவைத் திறக்கிறது. ஒரே பெயரடைக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் பொருள் பிரிந்துகொள்ளும். 'ஹை'யிலிருந்து 'ஹைட்' உயரம், 'ஹைனஸ்' அரச குடும்பத்தினரை அழைக்கும் சொல். 'ஹார்ட்' என்பதிலிருந்து 'ஹார்ட்னஸ்' கடினத்தன்மை, 'ஹார்ட்ஷிப்' கஷ்டம். 'பிசி'யிலிருந்து வந்த 'பிசினஸ்' வணிகம் பக்கம் போய்விட்டதால், மும்முரமாக இருக்கும் நிலையைச் சொல்லப் பிறகு 'பிசினெஸ்' என்று இன்னொன்றைச் செய்தார்கள். அதை 'ஒய்' எழுத்தை மாற்றாமல் எழுத வேண்டும்.

எதிர்த்திசையும் உண்டு. ஓர் இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தால் புதியவருக்கு இடம் கிடையாது. 'கியூரியஸ்' 'கியூரியாசிட்டி' ஆகிறது. அப்படியானால் 'குளோரியஸ்' ஏன் 'குளோரியாசிட்டி' ஆகவில்லை? 'குளோரி' முன்பே இருக்கிறது. 'ஃபியூரியஸ்' அதே காரணத்தால் 'ஃபியூரியாசிட்டி' ஆகவில்லை, 'ஃபியூரி' இருக்கிறது. மார்க் அரோனாஃப் என்ற மொழியியலாளர் 1976-ல் இதைத் 'தடுப்பு' என்று விளக்கினார். 'குளோரியஸ்னஸ்' மட்டும் தடையின்றி வரலாம் என்பதையும் அவரே காட்டினார். வாத்தியார் ஐயா 'னஸ்' யாரோடும் ஒத்துப்போகும் என்று சொன்னது இதைத்தான்.

இன்னொரு வேடிக்கை. எல்லாரும் 'டிஃபிகல்ட்' மூத்தது, 'டிஃபிகல்ட்டி' அதிலிருந்து வந்தது என்று நினைப்போம். வரலாற்றில் தலைகீழ். ஆங்கிலத்தில் 'டிஃபிகல்ட்டி'யின் வாலை வெட்டித்தான் 'டிஃபிகல்ட்' பிறந்தது. 'கிரீடி'யின் வாலை வெட்டி 'கிரீட்' பிறந்தது. குட்டையானதுதான் மூத்தது என்ற என் விதிக்கு இவை இரண்டும் விலக்கு.

'டிஃபிகல்ட்'டுக்கு நடைமுறையில் வினையடை கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'டிஃபிகல்ட்லி' என்று யாரும் எழுதுவதில்லை, 'வித் டிஃபிகல்ட்டி' என்று பெயரை வைத்துச் சமாளிப்பார்கள்.

#10 மழைக்காலம்

இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். 'ஃபாஸ்ட்' பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு பெயரடைக்கு வினையடை ஏன் இல்லாமல் போகிறது? 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று ஒரு விண்ணப்பக் கடிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கடுமையாக உழைப்பதாகச் சொல்ல நினைத்தார். படித்தவருக்கு 'நான் வேலையே செய்வதில்லை' என்று கேட்டிருக்கும்.

#11 ஓய்வுபெற்ற வாத்தியார்

பாவம், அந்த வேலை கிடைத்திருக்காது.

அம்மா, 'ஃபாஸ்ட்'டுக்கு வினையடை இல்லாமல் இல்லை. பெயரடையும் வினையடையும் ஒரே உருவில் நிற்கின்றன, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் வினையடையின் அடையாளம் கடைசியில் வரும் ஒரு சின்ன 'எ' ஒலிதான். 'ஹார்ட்' என்பதன் பழைய வடிவம் 'ஹெயர்ட்' போல ஒலித்தது, அதனோடு 'எ' சேர்ந்தால் வினையடை. காலப்போக்கில் சொல்லின் கடைசி 'எ' ஒலி மங்கி மறைந்தது. அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஃபாஸ்ட், ஹார்ட், லேட், ஹை, லோ, ஸ்ட்ரெய்ட் எல்லாம் இப்படி. சாலைப் பலகைகளில் வரும் 'டிரைவ் ஸ்லோ'வைப் பிழை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பழைய வழக்குதான், பிழையில்லை.

'லி' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்றால் உடல், உருவம். 'போன்ற' என்று பொருள்படும் 'லைக்' அதன் உறவு. 'ஃபிரெண்ட்' என்பதோடு 'லிக்' சேர்ந்தால் 'நண்பனின் உருவுடைய', அது பெயரடை. அந்தப் பெயரடையோடு முன்பு சொன்ன 'எ' சேர்ந்து 'லிச்செ' ஆனால் வினையடை. பிறகு 'எ'யும் தேய்ந்தது, 'ச்'சும் தேய்ந்தது. 'லிக்', 'லிச்செ' இரண்டும் ஒரே 'லி'யாக வந்து நின்றன.

கற்றதுகைமண் தம்பி கேட்ட 'ஃபிரெண்ட்லி' புதிருக்கு இதுதான் விடை. பெயரோடு சேர்ந்த 'லி' பெரும்பாலும் பெயரடை தரும்: ஃபிரெண்ட்லி, லவ்லி, கவர்ட்லி, மதர்லி. பெயரடையோடு சேர்ந்த 'லி' வினையடை தரும்: குயிக்லி, சேட்லி. முன்னால் நிற்பது எது என்று பாருங்கள், போதும். 'லோன்லி', 'கைண்ட்லி' மாதிரி நழுவும் சில இருக்கின்றன, பழகிக்கொள்ளலாம். 'ஃபிரெண்ட்லி'யை வினையடையாக்க 'ஃபிரெண்ட்லிலி' என்று அகராதியில் இருக்கிறது. வாயில் நுழையாது. 'இன் எ ஃபிரெண்ட்லி வே' என்று எழுதுங்கள்.

ஒரே உருவில் நிற்பவற்றோடு மறுபடியும் 'லி' சேர்த்தால் பொருள் வேறு பக்கம் போய்விடும். ஹார்ட்லி: அரிதாக, இல்லை என்னும்படி. லேட்லி: சமீபமாக. நியர்லி: கிட்டத்தட்ட. ஷார்ட்லி: விரைவில். ஹைலி: மிகவும். இந்த ஐந்தை மட்டும் உருப்போட்டே ஆக வேண்டும். இங்கே அரைப்புள்ளி சொல்வதுதான் சரி.

#12 நூல்வண்டு

ஐயா சொன்னதற்கு ஒரு பக்கக் குறிப்பு. ஆங்கிலம் வினையடைக்கு 'உடல்' என்ற சொல்லை எடுத்தது. பிரெஞ்சும் ஸ்பானிஷும் 'மனம்' என்ற லத்தீன் சொல்லை எடுத்தன. ஸ்பானிஷில் 'லென்டாமென்டே' என்றால் மெதுவாக. உள்ளே இருப்பது 'மெதுவான மனத்தோடு'. லத்தீனில் மனம் பெண்பால் சொல் என்பதால் முன்னால் வரும் பெயரடை இன்றுவரை பெண்பால் உருவிலேயே நிற்கிறது. தேர்வுக்கு உதவாது, எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#13 கற்றதுகைமண்

அருமை. ஒரு சின்னக் கேள்வி: 'தி ஃபிளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்' என்று வருகிறதே. வினைச்சொல்லை அடுத்து வருவதால் 'ஸ்வீட்லி' வர வேண்டாமா?

#14 மழைக்காலம்

இது எனக்குத் தெரியும்! மணப்பது பூவின் செயல் இல்லை, பூவின் தன்மை. லுக், ஃபீல், டேஸ்ட், சவுண்ட், ஸ்மெல், சீம் எல்லாம் இப்படி வரும்போது 'இருக்கிறது' போல வேலை செய்யும். அதனால் பெயரடை. 'ஹி லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தான். 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மீ' என்றால் கோபத்தோடு பார்த்தான், இங்கே நிஜமாகப் பார்க்கும் செயல் நடக்கிறது. தமிழில் இரண்டுக்கும் 'கோபமாக' என்றே சொல்லிவிடுவதால் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

#15 சொல்லாய்வன்

மழைக்காலம் சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

இனி நான் ஆரம்பத்திலிருந்தே சொல்ல நினைத்தது. அட்டவணை காட்டாத ஒன்று இது. இந்த மூன்று வடிவங்களும் வாக்கியத்துக்குள் சேர்ந்தே நகரும். ஒன்று ஒரு படி நகர்ந்தால் பக்கத்தில் இருப்பதும் ஒரு படி நகர வேண்டும்.

'இட் ரெயின்ட் ஹெவிலி.' வினையைப் பெயராக்குங்கள்: 'ஹெவி ரெயின்.' வினையடை பெயரடையாகிவிட்டது. 'ஷி டிசைடட் குயிக்லி' என்பது 'ஹெர் குயிக் டிசிஷன்' ஆகும். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்பது 'எ ஹார்ட் வொர்க்கர்'. 'ஷி சிங்ஸ் வெல்' என்பது 'எ குட் சிங்கர்'. 'குட்'டின் வினையடை 'வெல்' என்பதை அட்டவணையில் படிப்பதைவிட இந்த ஜோடியில் பார்த்தால் மறக்காது.

பெயரடையைப் பெயராக்கும்போதும் இதுவே நடக்கும். 'எக்ஸ்ட்ரீம்லி புவர்' என்பதில் 'புவர்' பெயராகி 'பாவர்ட்டி' ஆனால், முன்னால் இருந்த வினையடையும் இறங்கி 'எக்ஸ்ட்ரீம் பாவர்ட்டி' ஆகும். 'டீப்லி சேட்', 'டீப் சேட்னஸ்'. 'சர்ப்ரைசிங்லி சிம்பிள்', 'சர்ப்ரைசிங் சிம்ப்ளிசிட்டி'. பாதி வாக்கியத்தை மட்டும் மாற்றிவிட்டு 'எக்ஸ்ட்ரீம்லி பாவர்ட்டி' என்று எழுதுவதுதான் நான் திருத்தும் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் பிழை. எழுதியவருக்கு இரண்டு சொல்லும் தெரியும். அவை சேர்ந்து நகர வேண்டும் என்பது தெரியாது.

சில இடங்களில் இந்த நகர்வு இரட்டைப் பொருளையும் கொண்டுவரும். 'எ பியூட்டிஃபுல் டான்சர்' என்றால் அழகான ஆளா, அழகாக ஆடுபவரா? இரண்டும் பொருந்தும். 'ஆன் ஓல்ட் ஃபிரெண்ட்' வயதானவரா, நெடுநாள் நண்பரா? இங்கேயும் இரண்டும் சரி. 'எ ஹெவி ஸ்மோக்கர்' மட்டும் பெரும்பாலும் புகைப்பதன் அளவையே சொல்லும், ஆளின் எடையை இல்லை.

#16 அரைப்புள்ளி

இது மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'சன்'னுக்குப் பெயரடை 'சோலார்', 'மூன்'னுக்கு 'லூனார்', 'டூத்'துக்கு 'டென்டல்', 'மவுத்'துக்கு 'ஓரல்'. இதற்கு எந்த அம்பு போடுவீர்கள்? பெயர் நாட்டுச் சொல், பெயரடை லத்தீன். பார்வைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உருப்போடத்தான் வேண்டும். நான் முதலிலேயே சொன்னேன்.

#17 நூல்வண்டு

எழுத்துக்கூட்டலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு உதவும். 'இக்' என்று முடிந்தால் 'லி'க்கு முன் ஓர் 'ஆல்' நுழையும்: பேசிக், பேசிக்கலி. 'பப்ளிக்' மட்டும் விலக்கு, நேராக 'பப்ளிக்லி'. கடைசி 'ஈ' எழுத்து பொதுவாக நிற்கும். 'நைஸ்லி'யில் நிற்கிறது, ட்ரூலி, டியூலி, ஹோல்லி மூன்றிலும் விழுந்துவிடுகிறது. 'ஜென்டில்', 'சிம்பிள்' போன்றவற்றில் கடைசி 'ஈ' போய் 'ஒய்' வரும். கடைசி 'ஒய்' எழுத்து 'ஹேப்பிலி'யில் 'ஐ' ஆகும், 'ஷைலி'யில் ஆகாது. உச்சரிப்பில் ஒன்று: 'மார்க்ட்' ஒரே அசை. 'மார்க்கெட்லி' மூன்று அசை. 'சப்போஸ்ட்', 'சப்போசெட்லி'யும் அப்படியே, நடுவில் ஓர் உயிர் உயிர்த்தெழும்.

#18 கற்றதுகைமண்

எல்லாருக்கும் நன்றி. நகர்த்தும் பயிற்சியைச் செய்து பார்த்தேன், திருத்துங்கள்.

'ஷி வாஸ் கம்ப்ளீட்லி சைலன்ட்': 'ஹெர் கம்ப்ளீட் சைலன்ஸ்'.
'தே வேர் ட்ரூலி ஜெனரஸ்': 'தேர் ட்ரூ ஜெனரோசிட்டி'.
'ஹி வாஸ் வெரி பேஷன்ட்': 'ஹிஸ் வெரி பேஷன்ஸ்'.

#19 சொல்லாய்வன்

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் 'வெரி'யை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டீர்கள். வினையடையான 'வெரி'க்கு இறங்கி வர அதே பொருளில் பெயரடை கிடையாது. அதனால் வேறு ஆளை அழைக்க வேண்டும்: 'ஹிஸ் கிரேட் பேஷன்ஸ்'. 'சோ பேஷன்ட்' என்றிருந்தால் 'சச் பேஷன்ஸ்' ஆகும்.

ஆனால் நீங்கள் எழுதியதும் ஆங்கிலத்தில் வரும், பொருள்தான் வேறு. 'ஹிஸ் வெரி பேஷன்ஸ் அனாய்ட் தெம்' என்றால், அவனுடைய பொறுமையே அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே 'வெரி' பெயரடை. அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது பெயரடையாகத்தான் வந்தது, 'மெய்யான' என்ற பொருளில். வினையடை வேலை பிறகு சேர்ந்தது.